ராணுவத் தகுதித் தேர்வில் பொது அறிவியல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

படையில் சேரத் தகுதித் தேர்வு எழுதுபவர்கள் பலர் கணக்குக்கும் மொழிக்கும் மாதக்கணக்கில் பயிற்சி எடுத்துவிட்டு, பொது அறிவியலைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். ஆயிரம் ஒரு வரிக் கேள்வி பதிலை மனப்பாடம் செய்துவிட்டால் போதும் என்ற நினைப்புதான் காரணம். அது போதாது. அதே விஷயத்தைக் கொஞ்சம் திருப்பிக் கேட்டால் மனப்பாடம் கைவிட்டுவிடும். ஏன் அப்படி நடக்கிறது என்று தெரிந்திருந்தால், இதுவரை பார்த்தே இராத கேள்விக்கும் விடை வந்துவிடும். கீழே உள்ள பதில்கள் எல்லாம் அந்த வழியில்தான் போகின்றன.

எந்தெந்தப் பாடங்களிலிருந்து கேட்பார்கள்?

இயற்பியல், வேதியியல், உயிரியல், புவி மற்றும் வானியல். ஆழம் உயர்நிலைப் பள்ளி அளவுதான். படைக்கான தேர்வு என்பதால் ஆயுதங்களைப் பற்றிக் கேட்பார்களோ என்று பயப்பட வேண்டாம். ஆனால் உதாரணங்கள் துப்பாக்கி, ரேடார், நீர்மூழ்கி என்று வரலாம். அடியில் இருப்பது அதே பள்ளிப் பாடம்தான்.

நேரம் எப்படி இருக்கும்?

குறைவாக இருக்கும். அமெரிக்கப் படைகளின் ஆஸ்வாப் தேர்வைத் தாளில் எழுதினால் பொது அறிவியலுக்கு 25 கேள்விகள், 11 நிமிடங்கள். ஒரு கேள்விக்கு 26 விநாடி. அந்தத் தேர்வில் சேர்க்கைக்கான அடிப்படை மதிப்பெண்ணைக் கணக்கு, மொழிப் பகுதிகளை வைத்து மட்டும்தான் போடுகிறார்கள். ஆனாலும் மருத்துவப் பிரிவு மாதிரியான பணிகளுக்கு ஆள் எடுக்கும்போது அறிவியல் மதிப்பெண் உள்ளே வந்துவிடுகிறது. அதனால் இதைத் தள்ளி வைத்தால் சேரலாம், விரும்பிய வேலை கிடைக்காமல் போகலாம்.

தவறான விடைக்கு மதிப்பெண்ணைக் கழிக்கும் தேர்வும் உண்டு, கழிக்காத தேர்வும் உண்டு. நீங்கள் எழுதப்போகும் தேர்வின் அறிவிப்பில் அந்த ஒரு வரியைத் தேடிப் படித்துவிடுங்கள். தெரியாத கேள்வியை விடுவதா, ஊகித்து எழுதுவதா என்பது அதைப் பொறுத்தது.

இயற்பியலை எங்கிருந்து ஆரம்பிப்பது?

அலகுகளிலிருந்து. சூத்திரப் பட்டியலைக் கையில் எடுப்பதற்கு முன்னால் இதைச் செய்துவிடுங்கள். விசைக்கு நியூட்டன், வேலைக்கும் ஆற்றலுக்கும் ஜூல், திறனுக்கு வாட், அழுத்தத்துக்குப் பாஸ்கல், அதிர்வெண்ணுக்கு ஹெர்ட்ஸ், மின்னோட்டத்துக்கு ஆம்பியர், மின்னழுத்தத்துக்கு வோல்ட், மின்தடைக்கு ஓம். இதில் நேரடிக் கேள்வி ஒன்றிரண்டு வரலாம் என்பது ஒரு பக்கம். அலகுகள் ஒன்றிலிருந்து ஒன்று பிறப்பதைப் பார்த்துவிட்டால் சூத்திரத்தைத் தனியாக மனப்பாடம் செய்யவே தேவையில்லை.

10 கிலோகிராம் பெட்டியை 2 மீட்டர் உயரத்துக்குத் தூக்குகிறீர்கள். பெட்டியைப் பூமி இழுக்கும் விசை 10 பெருக்கல் 9.8, அதாவது 98 நியூட்டன். அதை 2 மீட்டருக்குத் தூக்கினால் செய்த வேலை 196 ஜூல். 4 விநாடியில் தூக்கியிருந்தால் திறன் 49 வாட். 8 விநாடி எடுத்துக்கொண்டிருந்தால்? வேலை அதே 196 ஜூல்தான், திறன் மட்டும் பாதியாகிவிடும். மெதுவாகத் தூக்கினால் வேலை குறையுமா என்று கேட்டு மாட்டிவிடுவார்கள். குறையாது.

இன்னொன்று. கனமான பையைத் தோளில் போட்டுக்கொண்டு அசையாமல் ஒரு மணி நேரம் நின்றால் பையின் மேல் எவ்வளவு வேலை செய்தீர்கள்? பூஜ்யம். உடம்பு களைத்துப்போகும், ஆனால் இயற்பியல் கணக்கில் பை நகரவில்லை.

நிறை, எடை இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. நிறை என்பது பொருளில் எவ்வளவு இருக்கிறது என்பது, கிலோகிராமில் சொல்வது. எடை என்பது அதை ஈர்ப்பு இழுக்கும் விசை, நியூட்டனில் சொல்வது. 60 கிலோகிராம் நிறையுள்ளவரின் எடை பூமியில் 588 நியூட்டன். நிலவில் ஈர்ப்பு ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு என்பதால் அங்கே அவர் எடை 98 நியூட்டன் அளவில் இருக்கும். நிறை அங்கேயும் 60தான்.

நியூட்டன் விதிகளை எப்படிக் கேட்பார்கள்?

விதியை வரி பிசகாமல் சொல்லச் சொல்வது அபூர்வம். ஒரு நிகழ்ச்சியைக் கொடுத்து எந்த விதி என்று கேட்பார்கள். வண்டி சட்டென்று நின்றதும் உள்ளே இருப்பவர் முன்னால் சாய்வது முதல் விதி. அதே விசையில் காலி வண்டி வேகமாகவும் பாரம் ஏற்றிய வண்டி மெதுவாகவும் கிளம்புவது இரண்டாம் விதி. ராக்கெட் வாயுவைக் கீழே தள்ள, வாயு ராக்கெட்டை மேலே தள்ளுவது மூன்றாம் விதி. மூன்றும் 1687இல் வெளிவந்த நியூட்டனின் பிரின்சிப்பியாவில் உள்ளவை.

துப்பாக்கி பின்னால் உதைப்பதும் மூன்றாம் விதிதான். இதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம், ஏனென்றால் இதற்குள் மூன்று நான்கு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. 10 கிராம் குண்டு விநாடிக்கு 800 மீட்டர் வேகத்தில் வெளியேறுகிறது என்று வையுங்கள். உந்தம் என்பது நிறை பெருக்கல் வேகம், ஆக 0.01 பெருக்கல் 800, விடை 8. துப்பாக்கிக்கும் எதிர்த் திசையில் அதே 8 வேண்டும். அதன் நிறை 4 கிலோகிராம் என்றால் விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் பின்னால் வரும். உந்தம் சமம், விசையும் சமம். அப்படியானால் குண்டு துளைத்துக்கொண்டு போக, துப்பாக்கி தோளை இடிப்பதோடு நின்றுவிடுவது ஏன்? ஆற்றலைப் பாருங்கள். இயக்க ஆற்றல் நிறையில் பாதி பெருக்கல் வேகத்தின் வர்க்கம். குண்டுக்கு 3200 ஜூல், துப்பாக்கிக்கு வெறும் 8 ஜூல். வேகம் வர்க்கமாகக் கணக்கில் வருவதால் இந்த வித்தியாசம். துப்பாக்கியைத் தோளோடு இறுக்கிப் பிடிக்கச் சொல்வதும் இதனால்தான். அப்போது உங்கள் உடம்பின் நிறையும் சேர்ந்துகொள்ள, பின்னோக்கிய வேகம் இன்னும் குறைகிறது.

ரேடார், சோனார், இரவுப் பார்வைக் கருவி: குழம்புகிறதே?

எந்த அலை என்று மட்டும் பாருங்கள். ரேடார் வானொலி அலை வகையைச் சேர்ந்த மின்காந்த அலையை அனுப்பி, பட்டுத் திரும்புவதை வைத்துத் தூரம் அளக்கிறது. சோனார் ஒலி அலையை அனுப்புகிறது. கடலுக்கடியில் வானொலி அலை சீக்கிரம் உறிஞ்சப்பட்டுவிடும், ஒலியோ வெகுதூரம் போகும். அதனால் நீர்மூழ்கிக்குச் சோனார். இரவுப் பார்வைக் கருவிகளில் வெப்பத்தைப் பார்க்கும் வகை, சூடான பொருள்கள் வெளியிடும் அகச்சிவப்புக் கதிரைப் பிடிக்கிறது.

மின்காந்த அலைகளை ஆற்றல் கூடும் வரிசையில் ஒருமுறை எழுதிப் பாருங்கள்: வானொலி அலை, நுண்ணலை, அகச்சிவப்பு, கண்ணுக்குத் தெரியும் ஒளி, புற ஊதா, எக்ஸ் கதிர், காமா கதிர். இந்த வரிசையில் போகப் போக அலைநீளம் குறையும், அதிர்வெண் கூடும். வெற்றிடத்தில் எல்லாவற்றுக்கும் வேகம் ஒன்றுதான், விநாடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர். ஒலி இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே இல்லை. அதற்கு ஊடகம் வேண்டும், வெற்றிடத்தில் பரவாது. 20 டிகிரி செல்சியஸ் காற்றில் விநாடிக்கு 343 மீட்டர், நீரில் 1500 மீட்டர் அளவு, எஃகில் 5000 மீட்டருக்கும் மேல். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 3 விநாடி இடைவெளி என்றால் மின்னல் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தள்ளி விழுந்திருக்கிறது.

சோனார் கணக்கில் எப்போதும் ஒரு பொறி இருக்கும். ஒலி போய்த் திரும்ப 4 விநாடி ஆனது, நீரில் வேகம் 1500 மீட்டர், கடலின் ஆழம் என்ன? 6000 என்ற விடையும் கொடுக்கப்பட்டிருக்கும். போக 2 விநாடி, வர 2 விநாடி, ஆகவே ஆழம் 3000 மீட்டர்.

வெப்பம் பற்றி எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்?

மூன்று வழிகள்: திடப்பொருளில் கடத்தல், திரவத்திலும் வாயுவிலும் சலனம், எதுவுமே இல்லாத வெளியில்கூடக் கதிர்வீச்சு. சூரிய வெப்பம் நமக்கு வருவது மூன்றாவது வழியில். செல்சியஸை 1.8 ஆல் பெருக்கி 32 கூட்டினால் ஃபாரன்ஹீட். இரண்டும் ஒரே எண்ணைக் காட்டும் இடம் மைனஸ் 40. செல்சியஸோடு 273.15 கூட்டினால் கெல்வின்.

நீர் 4 டிகிரியில்தான் அதிக அடர்த்தியோடு இருக்கும். உறையும்போது அதன் மூலக்கூறுகள் இடைவெளி விட்டு அடுக்கிக்கொள்வதால் கனஅளவு 9 சதவீதம் அளவுக்குக் கூடி, பனிக்கட்டி மிதக்கிறது. ஏரி மேலிருந்து உறைவதும், உறைந்த நீர் குழாயைப் பிளப்பதும் இந்த ஒரே காரணத்தால்தான்.

உயரமான மலையில் ஆக்சிஜன் சதவீதம் குறையுமா?

நன்றாகப் படித்தவர்களையும் தடுமாற வைக்கும் கேள்வி இது. காற்றில் நைட்ரஜன் 78 சதவீதம், ஆக்சிஜன் 21 சதவீதம், ஆர்கான் 0.93 சதவீதம், கார்பன் டை ஆக்சைடு 0.04 சதவீதம் அளவு. எவரெஸ்ட் உச்சியிலும் ஆக்சிஜனின் பங்கு அதே 21 சதவீதம்தான். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு என்பதால், ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் ஆக்சிஜன் மூலக்கூறுகளின் எண்ணிக்கை குறைகிறது. அழுத்தம் குறைவதால் நீரும் அங்கே 70 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். கொதிக்கும் நீர் என்றாலே 100 டிகிரி என்று பழகிவிட்டால் இந்தக் கேள்வியில் தவறுவோம்.

வேதியியலில் தனிம அட்டவணை முழுவதையும் மனப்பாடம் செய்ய வேண்டுமா?

வேண்டாம். முதல் 20 தனிமங்களை வரிசையாகத் தெரிந்துகொள்ளுங்கள். குறியீடு பெயரோடு ஒத்துப்போகாத பத்துப் பன்னிரண்டைத் தனியாகப் பாருங்கள்: சோடியம் என்ஏ, பொட்டாசியம் கே, இரும்பு எஃப்இ, செம்பு சியு, வெள்ளி ஏஜி, தங்கம் ஏயு, பாதரசம் எச்ஜி, ஈயம் பிபி, வெள்ளீயம் எஸ்என், டங்ஸ்டன் டபிள்யூ.

அப்புறம் அட்டவணையின் அமைப்பு. மெண்டலீவ் 1869இல் அணு எடையை வைத்து அடுக்கினார். இன்றைய அட்டவணை அணு எண்ணை, அதாவது புரோட்டான்களின் எண்ணிக்கையை வைத்து அடுக்கப்பட்டது. ஒரே நெடுவரிசையில் இருப்பவை ஒரே மாதிரி நடந்துகொள்ளும். இடது ஓரத்தில் சோடியம், பொட்டாசியம் போன்ற துடிப்பான உலோகங்கள், வலது ஓரத்தில் ஹீலியம், நியான், ஆர்கான் போன்ற மந்த வாயுக்கள். புரோட்டான் எண்ணிக்கை மாறினால் தனிமமே மாறிவிடும். நியூட்ரான் எண்ணிக்கை மட்டும் மாறினால் ஐசோடோப்பு, எலக்ட்ரான் எண்ணிக்கை மாறினால் அயனி. இந்த மூன்றையும் பிரித்துச் சொல்லத் தெரிந்தால் அணு அமைப்பில் கேட்கும் பெரும்பாலான கேள்விகள் முடிந்தன.

பிஎச் அளவில் 7 நடுநிலை, கீழே அமிலம், மேலே காரம். ஒவ்வொரு படியும் பத்து மடங்கு. பிஎச் 3 உள்ள திரவம் பிஎச் 5 உள்ளதைவிட நூறு மடங்கு அமிலத்தன்மை கொண்டது, இரண்டு மடங்கு அல்ல. மனித ரத்தம் 7.35க்கும் 7.45க்கும் நடுவில், மிக லேசான காரம்.

கதிரியக்கம் வருமா?

வரும், ஆனால் கொஞ்சமாக. ஆல்ஃபா கதிரைத் தாள் தடுக்கும், பீட்டாவை மெல்லிய அலுமினியத் தகடு தடுக்கும், காமாவைக் குறைக்கத் தடித்த ஈயமோ கான்கிரீட்டோ வேண்டும். அரை ஆயுள் என்பது கதிரியக்கப் பொருளில் பாதி சிதைய ஆகும் காலம். அந்தக் கணக்கில் பாதி, பாதியில் பாதி என்று இறங்கிக்கொண்டே போங்கள். மூன்று அரை ஆயுளுக்குப் பின் மிஞ்சுவது எட்டில் ஒரு பங்கு. கார்பன் 14இன் அரை ஆயுள் 5730 ஆண்டுகள்.

உயிரியல் கடல் மாதிரி இருக்கிறது. எதை முதலில் பார்ப்பது?

மனித உடலை. அதிலும் ரத்த ஓட்டம், ஊட்டச்சத்து, நோய்க்கிருமிகள் ஆகிய மூன்றை.

ரத்த ஓட்டத்தில் எல்லோரும் சொல்வது "தமனியில் நல்ல ரத்தம், சிரையில் கெட்ட ரத்தம்". இந்த வரியை மறந்துவிடுங்கள். இதயத்திலிருந்து வெளியே கொண்டுபோவது தமனி, இதயத்துக்குத் திரும்பக் கொண்டுவருவது சிரை. அவ்வளவுதான் இலக்கணம். நுரையீரல் தமனி ஆக்சிஜன் குறைந்த ரத்தத்தை நுரையீரலுக்குக் கொண்டுபோகிறது, நுரையீரல் சிரை ஆக்சிஜன் நிறைந்த ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுவருகிறது. தேர்வில் கேட்பதற்கென்றே இருக்கும் விதிவிலக்கு இது. ரத்த வகைகளைக் கார்ல் லேண்ட்ஸ்டெய்னர் 1901இல் வெளியிட்டார். அவசரத்தில் யாருக்கும் கொடுக்கக்கூடிய சிவப்பணுக்கள் ஓ நெகட்டிவ், யாரிடமிருந்தும் பெறக்கூடியவர் ஏபி பாசிட்டிவ்.

வைட்டமின்களைப் பட்டியலாகப் படிப்பதைவிடப் படைகளின் வரலாற்றோடு படித்தால் மனதில் நிற்கும். நீண்ட கடற்பயணங்களில் மாலுமிகளுக்கு ஈறு அழுகி, பழைய காயங்கள்கூடத் திறந்துகொள்ளும். அதுதான் ஸ்கர்வி. 1747இல் பிரிட்டிஷ் கடற்படை மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட், சாலிஸ்பரி என்ற கப்பலில் ஸ்கர்வி வந்த 12 பேரை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஒவ்வொரு ஜோடிக்கும் வெவ்வேறு மருந்து கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் சாப்பிட்ட இருவர்தான் சீக்கிரம் தேறினார்கள். அப்படியிருந்தும் கடற்படை எலுமிச்சைச் சாற்றை வழக்கமாகக் கொடுக்கத் தொடங்கியது 1795இல்தான். குறைந்திருந்தது வைட்டமின் சி. ஜப்பானியக் கடற்படையில் தீட்டிய அரிசியையே பெரிதும் நம்பியிருந்தவர்களுக்கு நரம்பையும் இதயத்தையும் தாக்கும் பெரிபெரி வந்தது. 1880களில் கடற்படை மருத்துவர் தகாகி கனேஹிரோ உணவை மாற்றியதும் அது அடங்கியது. குறைந்திருந்தது வைட்டமின் பி1. வைட்டமின் ஏ குறைந்தால் மாலைக்கண், இரவுக் காவலுக்கு உதவாது. டி குறைந்தால் குழந்தைகளின் எலும்பு வளையும் ரிக்கெட்ஸ், கே குறைந்தால் ரத்தம் உறையாது. அயோடின் குறைந்தால் முன்கழுத்துக் கழலை, இரும்பு குறைந்தால் ரத்தசோகை. ஏ, டி, இ, கே நான்கும் கொழுப்பில் கரைபவை, பியும் சியும் நீரில் கரைபவை.

கிருமிகளில், மலேரியா ஒரு செல் உயிரியான பிளாஸ்மோடியத்தால் வருவது, பரப்புவது பெண் அனாபிலிஸ் கொசு. டைபாய்டு, காலரா, காசநோய் பாக்டீரியாவால். டெங்கு, இன்ஃப்ளூயன்சா, வெறிநாய்க்கடி நோய் வைரஸால். ஃபிளெமிங் 1928இல் கண்ட பெனிசிலினும் அதன் பின் வந்த ஆன்டிபயாட்டிக் மருந்துகளும் பாக்டீரியாவைத்தான் தாக்கும். வைரஸ் காய்ச்சலுக்கு ஆன்டிபயாட்டிக் உதவாது என்பதைத் தேர்வுக்காக மட்டுமல்ல, வாழ்நாள் முழுக்க நினைவில் வையுங்கள்.

செல் பாகங்கள், ஒளிச்சேர்க்கை, 46 குரோமோசோம்கள், மெண்டலின் 3:1 விகிதம் ஆகியவற்றைப் பள்ளிப் புத்தகத்தில் ஒருமுறை புரட்டினால் போதும்.

புவி, வானியல் பகுதியில் அதிகம் தவறுவது எங்கே?

பருவகாலத்தில். கோடையில் பூமி சூரியனுக்குப் பக்கத்தில் வருகிறது என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். உண்மையில் பூமி சூரியனுக்கு மிக அருகில் இருப்பது ஜனவரித் தொடக்கத்தில், வட அரைக்கோளம் குளிரில் இருக்கும்போது. பருவகாலங்களுக்குக் காரணம் பூமியின் அச்சு 23.5 டிகிரி சாய்ந்திருப்பது.

அடுத்தது, சூரியனுக்கு மிக அருகில் இருப்பது புதன், ஆனால் மிகச் சூடான கோள் வெள்ளி. அடர்ந்த கார்பன் டை ஆக்சைடு போர்வை வெப்பத்தை வெளியே விடாததால் மேற்பரப்பு 465 டிகிரி அளவில் இருக்கிறது. சூரிய கிரகணம் அமாவாசையில், சந்திர கிரகணம் பௌர்ணமியில். ஒளியாண்டு காலத்தின் அளவு அல்ல, தூரத்தின் அளவு, சுமார் 9.46 லட்சம் கோடி கிலோமீட்டர்.

வளிமண்டலத்தைக் கீழிருந்து மேலே சொல்லிப் பழகுங்கள். கீழடுக்கில் மழையும் மேகமும், மீள் அடுக்கில் ஓசோன், இடையடுக்கில் விண்கற்கள் எரிதல், வெப்ப அடுக்கில் துருவ ஒளி. பூமிக்குள்ளே மேலோடு, கவசம், திரவமான வெளிக்கருவம், திடமான உட்கருவம். பாறையில் தீப்பாறை, படிவுப் பாறை, உருமாறிய பாறை என்று மூன்று வகை. சுண்ணாம்புக்கல் உருமாறிப் பளிங்குக்கல் ஆகிறது.

பழைய கையேட்டை வைத்துப் படிக்கலாமா?

படிக்கலாம், நான்கு இடங்களைத் திருத்திக்கொண்டு. கோள்கள் எட்டுதான், புளூட்டோ 2006இல் குறுங்கோள் ஆனது. பெயரிடப்பட்ட தனிமங்கள் 118, கடைசி நான்குக்குப் பெயர் வைத்தது 2016இல். கிலோகிராமுக்கு இப்போது உலோக உருளை அளவுகோல் இல்லை, 2019 முதல் பிளாங்க் மாறிலியை வைத்து வரையறுக்கிறார்கள். உயிரினங்களை ஐந்து உலகங்களாகப் பிரித்ததற்கு மேலே, கார்ல் வூஸ் 1990இல் முன்வைத்த மூன்று பெரும்பிரிவுகள் வந்துவிட்டன: பாக்டீரியா, ஆர்க்கியா, யூகேரியா.

விடை தெரியாத கேள்வியில் என்ன செய்வது?

முதலில் அலகைப் பாருங்கள். ஆற்றலைக் கேட்டிருக்கும்போது வாட்டில் இருக்கும் விடையை உடனே அடித்துவிடலாம். அடுத்து அளவு பொருந்துகிறதா என்று பாருங்கள். மனிதன் ஓடும் வேகம் விநாடிக்கு 80 மீட்டர் என்று வந்தால் கணக்கில் எங்கோ தவறு. "எப்போதும்", "ஒருபோதும்" என்று அடித்துச் சொல்லும் விடைகளை ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள், ஏனென்றால் அறிவியலில் விதிவிலக்குகள் நிறைய. இரண்டு விடைகள் ஒன்றுக்கொன்று நேர் எதிராக இருந்தால், சரியானது பெரும்பாலும் அந்த இரண்டில் ஒன்று.

கால்குலேட்டர் கொண்டுபோகலாமா?

பொதுவாக விடமாட்டார்கள், ஆஸ்வாபிலும் அனுமதி இல்லை. அதனால் பயிற்சியின்போதே கையால் போடுங்கள். 9.8க்குப் பதில் 10 வைத்துக் கணக்குப் போட்டு, கிடைத்த எண்ணைவிடச் சற்றுக் குறைவான விடையை எடுங்கள். மேலே பார்த்த பெட்டியில் 10 பெருக்கல் 10 பெருக்கல் 2, 200. கொடுத்திருக்கும் விடைகள் 98, 196, 392, 20 என்றால் 196ஐக் குறித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடலாம்.